சொல்லேலாது அன்ரி

ஒரே ஒரு சொல்லால் லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு கலியாணம் நிற்கப் பார்த்தது. சொன்னவர் இந்த அன்ரிதான். மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. பெண்ணின் தாய் வட லண்டன் எட்மண்டனிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்து அவரிடம் விசாரித்தார்.

"பொடியன் எப்பிடி? நல்ல பிள்ளையோ?"

"சொல்லேலாது."

எங்கள் ஊர்ப் பேச்சில், சொல்ல முடியாது என்று அர்த்தம். வந்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏன், ஏதும் பழக்கவழக்கம் இருக்கோ?"

"அதுவும் சொல்லேலாது. குப்பை வாளி வெளியிலை வைக்க வரேக்கை மட்டும்தான் நான் அவரைக் காணிறனான். வாளியை ஒழுங்கா மூடித்தான் வைக்கிறவர்."

நல்ல காலம், அன்ரியின் கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "தங்கமான பொடியன். நான் பொறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு குடுங்கோ," என்றார். அந்தப் பொடியனின் பெயர் அவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. கலியாணம் நடந்தது. படம் பிடித்தவன் நான்.

எங்கள் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் "சொல்லேலாது அன்ரி". அவருக்கும் அது தெரியும். ரெலிபோன் எடுக்கும்போது என் சின்ன மகளிடம், "சொல்லேலாது அன்ரி கதைக்கிறன், அப்பா நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கொழும்பில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு படிப்பித்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்தார். இங்கே அவருக்குக் கிடைத்தது எலும்பு பார்க்கும் வேலை. பழைய கட்டடங்களை இடித்துத் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வரும் எலும்புகளைக் கழுவி அடுக்கி, ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன நோய் வருத்தம் என்று பார்க்கவேண்டும். "உயிரோடை இருக்கிற ஆக்களை விட இவையள் சுகம். அவசரப்படுத்த மாட்டினம்," என்பார்.

அவசரப்படுத்துகிறவர் வீட்டில் இருந்தார். அவருடைய கணவரைப் போல எதையும் அடித்துச் சொல்லும் மனிதரை நான் கண்டதில்லை. தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. மழை வராது என்பார், அடுத்த நிமிடம் நனைந்துகொண்டு நிற்பார். நனைந்தபடியே, "இது மழையில்லை, சும்மா தூறல்," என்பார். ஒருநாள் இருவரும் எங்கள் வீட்டில் சாப்பிட இருந்தார்கள். "குழம்புக்கு இந்த அளவு உப்புக் காணுமோ அக்கா?" என்று என் மனைவி கேட்டாள். "எனக்குக் காணும். உங்களுக்குச் சொல்லேலாது," என்றார் அக்கா. "திறமான உப்பு," என்றார் கணவர், இன்னும் வாயில் வைக்காமலே.

இப்படி இரண்டு பேர் எப்படி ஒரு வீட்டில் இருக்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் கதைப்பது உண்டு. நன்றாகத்தான் இருந்தார்கள். ஒருவர் காரை ஓட்டுவார், மற்றவர் வரைபடத்தைப் பிடித்திருப்பார்.

எனக்கு அப்போது கிழமை நாட்களில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், சனி ஞாயிறுகளில் கலியாணம், சாமத்தியவீடு என்று கமராவோடு ஓட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அக்கா ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, ஒரு அவசரப் படம். எங்கடை படம் பிடிக்கிற ஆள் வேறை ஊரிலை தோண்டுற இடத்திலை நிக்கிறார். வருவீங்களோ?"

"என்ன விசேசம் அக்கா?"

"விசேசம் எண்டு இல்லை. ரெண்டு பேர். செத்து ஐந்நூறு அறுநூறு வருசம் இருக்கும்."

நான் யோசித்தேன். "என்னட்டைக் கலியாணப் படம் எடுக்கிற லைற் மட்டும்தான் இருக்கு," என்றேன்.

"காணும். உங்கடை படத்திலை ஆக்கள் இருக்கிற மாதிரியே இருக்கினம்," என்றார் அவர். அதே காரணத்துக்காகத்தான் சில பெண்வீட்டார் என்னோடு சண்டை பிடித்திருந்தார்கள்.

விம்பிள்டனுக்கு அங்காலை, நகரம் மெலிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு பழைய கல் தேவாலயம். உள்ளே பக்கத்து அறை ஒன்றில் ஒரு பிரபுவின் கல்லறை. மேலே கல்லில் செதுக்கிய பிரபு, கவச உடுப்போடு கை கூப்பிப் படுத்திருப்பார். காலடியில் ஒரு கல் நாய். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்கும் அளவுக்கு வெறுங் கல்.

அந்த வெறுங் கல்லுக்கு ஊரில் ஒரு கதை இருந்தது. பிரபு தன் மனைவிக்காக விட்ட இடம் அது. அவரை விடப் பதினைந்து வயது இளையவள். கலியாணம் முடிந்த முதல் வருடமே ஒரு பாட்டுக்காரனோடு ஓடிப்போனாள். அதை ஒவ்வொரு கோடையிலும் தேவாலய முற்றத்தில் சிறுபிள்ளைகள் நாடகமாகப் போடுவார்கள். ஓடிப்போகும் பெண்ணுக்குச் சனம் கூச்சல் போட்டு, நனைத்த கடதாசி உருண்டைகளால் எறியும். ஊருக்கு அது பெரிய பகிடி.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் நாடகத்தைப் பழக்கும் பெண்மணி. பாட்டு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதைத் தாண்டியவர். "சின்ன வயதில் நான்தான் அந்தப் பெண்ணாக நடித்தேன்," என்றார். "அடி பட்டு அழுதுகொண்டு வீட்டுக்குப் போய், நான் எங்கேயும் ஓடவில்லையே அம்மா என்று சொன்னேன்."

அந்த வருடம் தேவாலயத்தின் தரை தாழத் தொடங்கியிருந்தது. கல்லறையைத் தூக்கித் தரையைத் திருத்தவேண்டிய கட்டாயம். அனுமதி வாங்கித் திறந்தபோது கீழே சின்னக் குழியறை. அதற்குள் ஒன்றல்ல, இரண்டு ஈயப் பெட்டிகள். மேலே ஒன்று, அதன் கீழே ஒன்று. மேலே இருந்தது ஆண். கீழே இருந்தது பெண்.

ஊர் முழுக்கக் கொண்டாட்டம். அவள் ஓடவில்லை, இங்கேதான் இருந்திருக்கிறாள். பாட்டு ரீச்சர் தேவாலய வாசலில் நின்று அழுதாராம். இவ்வளவும் நடந்த பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தேவாலய மண்டபத்தில் நீண்ட மேசை. வெள்ளைத் துணி விரித்து இருவரையும் பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தார் அக்கா. வேலை இல்லாத நேரம் இன்னொரு துணியால் போர்த்திவிடுவார். நான் கமராவைப் பூட்டிக் குனிந்து பார்த்தேன். பிரபுவின் மண்டையோடு கொஞ்சம் சரிந்திருந்தது. பழக்க தோசத்தில், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ," என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அளவுகோல் விழுந்துவிட்டது. "திரும்ப மாட்டார் தம்பி. அவர் பிரபு. நாங்கள்தான் திரும்பவேணும்," என்றார்.

பிரபுவில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. ஈயப் பெட்டியில் இருந்த கேடயச் சின்னமும் மேலே கல்லில் இருந்த சின்னமும் ஒன்று. தேவாலயத்துக்குப் பின்னால் போகும் சந்துக்கு ஊர்ச்சனம் "நொண்டிப் பிரபு சந்து" என்றுதான் பெயர் சொல்லும். மேசையில் கிடந்தவரின் இடது தொடை எலும்பு உடைந்து, கோணலாகப் பொருந்தி, மற்றதை விட நன்றாகக் கட்டையாக இருந்தது. நாற்பது, நாற்பத்தைந்து வயது மதிக்கலாம்.

"இவர் அவராத்தான் இருக்கவேணும்," என்றார் அக்கா.

அவரை ஏற்றிப்போக வந்திருந்த கணவர் அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, கேட்டனீரே? கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இவ இவ்வளவு உறுதியா ஒண்டும் சொல்லேல்லை. என்னை நல்ல மனுசன் எண்டு கூட இன்னும் சொல்லேல்லை."

"அதுக்கு இன்னும் பார்க்கவேண்டியிருக்கு," என்றார் அக்கா.

பெண் விசயம் வேறு. பல் தேய்ந்த விதமும் முதுகெலும்பும் இடுப்பும் அறுபதைக் காட்டின. அவளுடைய பெட்டிக்கு மேல்தான் அவருடைய பெட்டி. கீழ்ப் பெட்டியை யாரும் பிறகு அசைத்த அடையாளம் இல்லை. ஆகவே முதலில் போனது அவள். நாற்பதில் போனவருக்கு முன்னாலேயே அறுபது வயதில் போனவள், அவரை விடப் பதினைந்து வயது இளைய மனைவியாக இருக்க வழியில்லை.

இன்னொன்றும் இருந்தது. அக்கா என்னைக் கிட்டப் படம் பிடிக்கச் சொன்னார். மேல்வாய் முன்பற்களுக்குப் பக்கத்துப் பல் சாதாரணமாக அகலமாக இருக்கும். பிரபுவுக்கு அது அரிசிமணி போலச் சின்னதாக, கூராக இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் அதே இடத்தில் அதே மணி.

"இது ரத்தத்தாலை வாறது. சொந்தக்காரர்," என்றார்.

"தாயும் மகனும்," என்றேன் நான். ஆயிரம் கலியாண வீட்டுக் குடும்பப் படம் எடுத்தவனுக்குத் தெரியாதா?

"தாயாயிருக்கலாம். பெரியம்மாவாயிருக்கலாம். மாமியாயிருக்கலாம். சொல்லேலாது."

முடிவை ஊருக்குச் சொல்லும் கூட்டத்துக்கு முதல்நாள் மத்தியானம் பாதிரியார் மண்டபத்துச் சமையலறைக்கு வந்தார். நெடிய, மெலிந்த மனிதர். எதையும் கேட்கும் முன்னரே மன்னிப்புக் கேட்டுவிடுவார். அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார், நான் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"மன்னிக்கவேண்டும் டாக்டர். எங்கள் பாட்டு ரீச்சர் இந்தச் சேதிக்காக அறுபது வருடம் காத்திருந்தவர் போல இருக்கிறார். மனைவிதான் என்று நீங்கள் சொல்லவேண்டாம். மனைவியாகவும் இருக்கலாம் என்று மட்டும் சொல்ல முடியாதா? நீங்கள்தான் எல்லாவற்றுக்கும் இருக்கலாம் என்கிறீர்களே."

அக்கா ஒரு கோப்பையைக் கழுவி, துடைத்து, மீண்டும் கழுவினார். அவருக்கும் அந்தப் பெண்மணியைப் பிடித்திருந்தது. தினமும் அவருக்குக் கேக் கொண்டுவந்து கொடுப்பவர்.

"இருக்கலாம் என்பதும் ஒரு வாக்குத்தான், பாதர்," என்றார் கடைசியில். "இருக்கக்கூடியதற்குத்தான் அதைக் கொடுக்கலாம். இதற்குக் கொடுத்தால் பிறகு நான் சொல்லும் எந்த இருக்கலாமுக்கும் பெறுமதி இல்லை."

பாதிரியார் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா சேலை உடுத்து, மேலே கம்பளிச் சட்டை போட்டு, என் படங்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றாக விளக்கினார். பிரபுவுக்குக் கைதட்டினார்கள். பெண்ணின் வயதைச் சொன்னபோது ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பல்லைக் காட்டியபோது மண்டபம் அடங்கிவிட்டது.

பாட்டு ரீச்சர் முன் வரிசையில் இருந்தார். எழுந்திருக்காமலே கேட்டார். "அப்படியென்றால் அவள் ஓடித்தான் போனாள்."

"அதை நான் சொல்லவில்லை," என்றார் அக்கா.

"ஆனால் அவள் இங்கே இல்லை."

"இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காய்ச்சல் வந்து தாய் வீட்டில் இறந்திருக்கலாம். வேறொரு தேவாலயத்தில் படுத்திருக்கலாம். ஓடியும் போயிருக்கலாம். பார்த்தவர் யாராவது சொல்லியிருக்கிறார்களா?"

பாட்டு ரீச்சர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

அப்போது அக்கா தன் தம்பியின் கதையைச் சொன்னார். தம்பி விம்பிள்டனில் இருப்பவர். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் அவரே அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார், நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அக்கா சொல்லி அன்றுதான் கேட்டேன்.

கலவர நேரம் கொழும்பில் அவர் தம்பியின் கார் எரிந்து கிடந்தது. அக்காவின் கணவர் நம்பர் தகட்டைப் பார்த்துவிட்டு வந்து, ஆள் முடிந்தது என்று அடித்துச் சொன்னார். எல்லோரும் அகதிக் கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள். வீடு முழுக்க ஒப்பாரி. அக்கா மட்டும் அழவில்லை. கார் எரிந்தது தெரியும், தம்பி எரிந்ததென்று சொல்லேலாது என்றே இருந்தார். கல்நெஞ்சுக்காரி என்றார்கள், விசர் பிடித்துவிட்டது என்றார்கள். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் செத்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை முடித்து, வீட்டில் சாப்பாட்டுப் பந்தி நடந்தபோது, படலையைத் திறந்துகொண்டு தாடியோடு ஒருவர் வந்தார். கண்டிப் பக்கம் ஒரு சிங்கள நண்பனின் வீட்டார் அவரை அவ்வளவு நாளும் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். சுவரில் மாலை போட்டிருந்த தன் படத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லையா என்று கேட்டாராம்.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார் பாட்டு ரீச்சர்.

"கை கழுவிவிட்டு வந்து இரு என்றேன். சோறு போட்டேன். பிறகு அடுப்படிக்குள் போய் அழுதேன்."

"அவர் சாப்பிட்டாரா?"

"இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். தன் அந்தியேட்டிச் சாப்பாட்டை."

மண்டபம் சிரித்தது. பாட்டு ரீச்சரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பின்வரிசையில் அக்காவின் கணவர் எழுந்து, "அந்த நம்பர் தகட்டைப் பார்த்தவன் நான்தான்," என்று பெருமையோடு சொன்னார்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னார். "ஒரு கல் வெறுமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணுக்குக் கடதாசி எறிய முடியாது, அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது காரில் கணவருக்கு ஒரு புதிய கண்டுபிடிப்பு. "அந்தப் பெட்டை ஏன் வீட்டை விட்டுப் போனவள் எண்டு எனக்கு இப்ப வடிவா விளங்குது. மாமியார். செத்த பிறகும் மகனுக்குப் பக்கத்திலை இடம் பிடிச்ச மனுசி, உயிரோடை இருக்கேக்கை விட்டிருப்பாவோ?"

பின் இருக்கையில் நானும் மனைவியும் சிரித்ததில் கார் ஆடியது. அக்கா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆனாலும், "சொல்லேலாது," என்றார்.

தரை திருத்தி முடிந்ததும் இருவரையும் இருந்தபடியே கீழும் மேலுமாக வைத்தார்கள். பாதிரியார் செபம் சொல்லும்போது பிரபுவின் பெயரை வாசித்தார். மற்றவருக்கு என்ன சொல்வது என்று அக்காவிடம் முன்பே கேட்டிருந்தார். "இவரோடு கிடத்தப்பட்டவர் என்று சொல்லுங்கள். அது உண்மை," என்றிருந்தார் அக்கா. அப்படியே வாசித்தார்.

அடுத்த கோடையில் எங்களுக்கு நாடகத்துக்கு அழைப்பு வந்தது. நானும் மனைவியும் பிள்ளைகளும், அக்காவும் கணவரும் போனோம். முற்றத்துப் புல்லில் மடக்குக் கதிரைகள். நனைத்த கடதாசி வாளி எங்கும் காணவில்லை. அந்தப் பெண்ணாகச் சின்னப்பிள்ளை யாரும் வரவில்லை. பாட்டு ரீச்சரே பச்சை நிற நீள அங்கி போட்டு, தலையில் பூ வளையத்தோடு வந்தார். எழுபது தாண்டியவர் புதுப்பெண். யாரும் சிரிக்கவில்லை.

பிரபுவின் வீட்டுக் கதவுகளின் திறப்புக் கொத்தை மேசையில் வைத்தார். சனத்தை ஒரு தடவை பார்த்தார். கதிரைகளுக்கு நடுவால் அவசரமில்லாமல் நடந்து, முற்றத்து மரக் கேற்றைத் திறந்து, வெளியே வீதிக்கே போய்விட்டார். அவர் எங்கே போகிறார், யாரோடு போகிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீதியில் வந்த பஸ் ஒன்று அவரைக் கண்டு வேகத்தைக் குறைத்தது. கையைக் காட்டி, போ என்றார். பஸ் போனது. முற்றம் அமைதியாக இருந்தது.

அக்காவின் கணவர் குனிந்து ரகசியமாகக் கேட்டார். "முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது," என்றார் அக்கா.

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து நின்று பலமாகக் கை தட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. மேடையில் மேளத்தோடு ஒரு சிறுவனும் ஆறேழு பிள்ளைகளும் தங்கள் பாட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

கேற்றுக்கு மேலால் பூ வளையம் போட்ட ஒரு தலை தெரிந்தது. "இன்னும் ஒரு காட்சி இருக்கிறது டாக்டர்," என்றார் பாட்டு ரீச்சர். "ஆனால் தட்டுவதை நிறுத்தவேண்டாம். எனக்கு இது பிடித்திருக்கிறது."

முற்றம் முழுவதும் எழுந்து தட்டத் தொடங்கியது. கணவர் எல்லோருக்கும் மேலாகத் தட்டினார். "முடியேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்று பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரருக்குத் தமிழிலேயே சொன்னார்.

அந்தக் கடைசிக் காட்சியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அக்கா கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, காது வரைக்கும் சிவந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் முழு ஃபிலிமையும் அதற்கே முடித்துவிட்டேன்.